நட்சத்திரம் போடாத ரிப்போட்

அந்த ரிப்போட்டில் நட்சத்திரம் இல்லை. நான் முதலில் பார்த்தது அதைத்தான். ஹட்டன் டவுனில், இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்புகிற ஒரு சின்ன இடத்தில் நான் வேலை செய்கிறேன். குழாயில் பெயர் எழுதி ஒட்டுவது, வந்த ரிப்போட்டை உறையில் போட்டுக் கொடுப்பது, தரை துடைப்பது எல்லாம் நான்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு அந்தத் தாள்களில் இருப்பது பாதிக்கு மேல் விளங்காது. ஆனால் ஒன்று தெரியும். எந்த எண் இருக்க வேண்டிய அளவைத் தாண்டுகிறதோ, அதன் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் அச்சாகி வரும். நட்சத்திரம் உள்ள தாளை, வாங்க வந்தவர்களின் முகத்தைப் பார்க்காமல்தான் கொடுப்பேன். அன்றைக்கு வந்த உறையில் என் அக்காவின் பெயர் இருந்தது. அங்கேயே பிரித்தேன். மேலிருந்து கீழாக இரண்டு தடவை தேடினேன். இல்லை. தண்ணீர்ப் போத்தல் பெட்டி மேல் உட்கார்ந்து, சந்தோசத்தில் அழுதேன்.

அக்கா டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தாள். நாலு வாய் சாப்பிட்டதும் நெஞ்சு வரைக்கும் நிறைந்துவிட்டது என்று தட்டைத் தள்ளுவதில்தான் எல்லாம் தொடங்கியது. பிறகு வயிறு ஊதியது. கொழுந்து மலைக்குப் போகும்போது இடுப்பில் சுற்றிக் கட்டுகிற படங்குச் சாக்குக்குக் கயிறு எட்டவில்லை என்று இன்னொரு துண்டுக் கயிறு முடிந்துகொண்டாள். நிரையில் பக்கத்தில் நிற்கிறவர்கள் சும்மா விடுவார்களா? “என்னக்கா, பேரன் எடுக்கிற வயசுல தொட்டில் கட்டப் போறீங்களா? கங்காணிகிட்ட இப்பவே சொல்லி வைங்க, பிள்ளைகள வுடுற பிள்ளைக்காம்பராவுல எடம் பிடிக்கணும்” என்பார்களாம். அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. “ஆமாடி, தொட்டில் ஆட்ட ஒம் புருசனத்தான் கூப்பிடப் போறேன்” என்று சொல்லிவிட்டு வந்து, என்னிடமும் சொல்லிச் சிரித்தாள். சிரித்ததை மட்டும்தான் சொன்னாள். அடிக்கடி ஒதுங்க வேண்டியிருக்கிறது என்பதையும், மலையில் கக்கூசு இல்லாததால் செடிகளுக்கு நடுவில் போக வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள் என்பதையும் நான் ரொம்பப் பிந்தித்தான் தெரிந்துகொண்டேன்.

நான் எதற்கும் பயப்படுகிற ஆள். கதவைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறியவள், பாதியில் இறங்கித் திரும்ப வந்து பூட்டை இழுத்துப் பார்த்திருக்கிறேன். இருமல் வந்தால் காசம், தலை வலித்தால் கட்டி. அந்தப் பயத்தில்தான் அக்காவை இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டொக்டர் அம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் பேசினார். அக்காவுக்குச் சிங்களம் அவ்வளவாக வராது, நான்தான் தமிழில் சொன்னேன். சூலகத்தில் ஏதாவது இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறார். அதற்கு இரத்தத்தில் சீஏ நூற்று இருபத்தைந்து என்று ஒரு சோதனை. அதோடு வயிற்றுக்கு ஸ்கேனும் எடுக்க வேண்டும். இரத்தம் நல்லாயிருந்தாலும் ஸ்கேனுக்கு வரத்தான் வேண்டும். இப்படித்தான் சொன்னார். ஒரு சொல் விடாமல் அக்காவிடம் சொன்னேன். அதனால், எனக்குத் தெரியாது என்று இன்றைக்கு நான் சொல்லிக்கொள்ள முடியாது.

ஸ்கேனுக்குக் கிடைத்த வெள்ளிக்கிழமை, தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு நடுவில் வந்து விழுந்தது. அக்கா பால்குடம் எடுப்பதாக நேர்ந்து, செவ்வாய்க்கிழமையே கையில் காப்புக் கட்டிவிட்டாள். காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடிந்து அதை அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. எங்கள் ஆட்கள் இதில் விளையாட மாட்டார்கள். தாண்டினால் தாண்டியவளுக்கு மட்டும் இல்லை, தோட்டத்துக்கே ஆகாது என்பார்கள். வியாழக்கிழமைதான் அந்த ரிப்போட் வந்தது. அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

“நட்சத்திரம் இல்லக்கா. நல்லா பாத்துட்டேன், ஒண்ணுமில்ல.”

அவள் பின்னால் தப்பு மேளம் அடிக்கிற சத்தம் கேட்டது. அக்கா கேட்டாள்: “அப்ப நாளைக்கி ஸ்கேனுக்கு? கையில காப்பு கெடக்கு. போகணுமாடி?”

“திருவிழாவ முடிச்சிட்டு ஆறுதலாப் போவோம். மாரியம்மா காப்பாத்திட்டா.”

பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற நான், வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் பயப்படாமல் இருந்தேன். அது அந்த நாள்.

அக்கா மஞ்சள் சேலை கட்டிப் பால்குடம் எடுத்தாள். பார்த்தவர்கள் முகத்தில் களை வந்திருக்கிறது என்றார்கள். திருவிழாவுக்குப் பிறகு கொழுந்து அள்ளிக் கொட்டுகிற மாதங்கள் வந்தன. ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு ஒருநாள் வேலையைக் கெடுப்பது என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மறுபடி அந்த டொக்டர் அம்மா முன்னால் போய் உட்கார்ந்தபோது ஐந்து மாதம் ஓடியிருந்தது. வயிற்றில் தண்ணீர் கோத்து, பாவாடை நாடாவைத் தொப்புளுக்குக் கீழே இறக்கிக் கட்டியிருந்தாள். இந்தத் தடவை எண் மூன்று இலக்கத்தையும் தாண்டியிருந்தது, நட்சத்திரமும் இருந்தது. ஸ்கேனில் இரண்டு பக்கமும் கட்டி.

டொக்டர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. நட்சத்திரம் இல்லாத அந்தப் பழைய ரிப்போட்டை மேசையில் வைத்து, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். இந்த எண்ணை மட்டும் வைத்து நோய் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாதாம். மாதவிடாய் நேரத்தில்கூடச் சிலருக்குக் கூடுமாம். நோய் தொடங்கிய காலத்தில் நிறையப் பேருக்குக் கூடாமலேயே இருக்குமாம். அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறோம் என்றார். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னடி சொல்றாங்க?” என்று கேட்டாள். ஒப்பரேசன் செய்யணுமாம் என்று மட்டும் சொன்னேன். அன்றைக்குத்தான் நான் முதல் தடவையாக மிச்சத்தை மொழிபெயர்க்காமல் விட்டேன்.

ஒப்பரேசனுக்கும் அதற்குப் பிறகு ஏற்றிய மருந்துக்கும் எண் இறங்கியது. ஒவ்வொரு தடவையும் குழாயில் அவள் பெயரை நானே எழுதினேன், தாளை நானே பிரித்தேன். முடி கொட்டிய தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு லயத்து வீட்டு வாசலில் வெயில் காய்ந்தபடி, “இன்னைக்கி எத்தன?” என்று கேட்பாள், மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது கேட்பதுபோல. குறைந்திருக்கிறது என்றால், “கொறஞ்சதுக்குச் சந்தோசப்படுறது இந்த ஒண்ணுலதான்” என்பாள். ஒரு வருசம் அப்படிப் போனது. அதற்குப் பிறகு எண் மெல்ல ஏறியது. வயிறு வீங்கவில்லை, வலி இல்லை, நன்றாகச் சாப்பிட்டாள். தாளுக்கு மட்டும் தெரிந்திருந்தது. தாளுக்கும் எனக்கும். அந்தத் தாளோடு லயத்துப் படியேறிப் போன நாளைப்போல ஒரு நாள் எதிரிக்கும் வரக் கூடாது. அவள் எண்ணைக் கேட்டாள், சொன்னேன். “அடேயப்பா, இத்தன கிலோ நான் ஒருநாளும் எடுத்ததில்லையே. தொரைகிட்ட சொல்லு” என்றாள். பிறகு உள்ளே போய் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள்.

அவள் சாவதற்குப் பத்து நாள் முன்னால், மத்தியானம், அரிசிக் கஞ்சியைக் கரண்டியால் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது கரண்டியோடு வாயை மூடிக்கொண்டாள். அவள் மகள் வெளியே போயிருந்தாள், வீட்டில் வேறு யாரும் இல்லை. இரண்டு வருசமாக வயிற்றில் வைத்திருந்ததைச் சொன்னேன். டொக்டர் அன்றைக்குச் சொன்ன மிச்சத்தையும் சொன்னேன். “நாந்தான் போக வேணாம்னேன். நான் அந்தத் தாளப் பாத்திருக்கக் கூடாதுக்கா.”

கண்ணை மூடியபடிதான் கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “கிறுக்கி. நீ சொல்லியா நான் போகாம இருந்தேன்? ஸ்கேன்ல என்னா தெரியுமோன்னு எனக்குத்தான் பயம். காப்புக் கட்டும்போதே வெள்ளிக்கிழம ஸ்கேன்னு தெரிஞ்சிதான் கட்டினேன். நீ சொன்னது தோதாப் போச்சு, அவ்வளவுதான்.”

அவள் போய் ஒன்றரை வருசம் ஆகிறது. எங்கள் குடும்பத்துப் பெண்கள் எல்லோரும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று டொக்டர் சொன்னதால், போன மாதம் அக்காவின் மகளையும் கூட்டிக்கொண்டு போய் இரண்டு பேரும் இரத்தமும் கொடுத்தோம், ஸ்கேனும் எடுத்தோம். ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். வருகிற பஸ்ஸில் அக்கா மகள் என் தோளில் தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை. அக்கா சொன்னதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பயந்து நடுங்குகிற தங்கச்சி தனக்குப் பிறகு எப்படி உயிரோடு இருப்பாள் என்று யோசித்துப் பொய் சொல்லக் கூடியவள்தான் அவள். உண்மையாகவே பயந்து, அதை யாரிடமும் காட்டாமல் பால்குடம் எடுத்திருக்கக் கூடியவளும் அவள்தான். இரண்டில் எது என்று எந்தச் சோதனையிலும் வராது. முதலாவது என்றால் அக்காவை நான் கொன்றேன். இரண்டாவது என்றால், அவ்வளவு பெரிய பயத்தோடு அவள் தனியாக இருந்தபோது, பயத்தைப் பற்றி எல்லாம் தெரிந்த நான் பக்கத்திலேயே இருந்தும் அதைப் பார்க்கவில்லை.