சார்ஜர் எடுக்கப் போனவள்

அந்த நாடகத்தைப் பார்த்து நான் அழவில்லை. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவள் என் துப்பட்டாவிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உனக்கெல்லாம் இருக்கறது நெஞ்சா, கல்லாடி?" என்று கேட்டாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை.

நாமக்கல்லில் எங்கள் கல்லூரி அரங்கில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தது. மேடையில் ஒரே ஒரு பெண், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு துப்பட்டா. வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண், நல்ல கறுப்பு. தன் கதையில் வரும் அத்தனை பேராகவும் தானே மாறி நடித்தாள். துப்பட்டாவை இடுப்பில் செருகினால், மகள் முகத்தில் கடலைமாவைப் போட்டுத் தேய்க்கும் அம்மா. தோளில் மடித்துப் போட்டால், இவள் முகத்தைப் பார்த்ததும் "அறை காலி இல்லை" என்று கதவைச் சாத்தும் வெள்ளைக்கார வீட்டுக்காரி. அங்கேதான் எல்லாரும் அழுதார்கள். வெள்ளைக்காரி செய்தால் நமக்குப் பொத்துக்கொண்டு வருகிறது. நம் வீட்டில் நடந்தால் அதற்குப் பெயர் சம்பந்தம் பேசுவது. சரி, அதை விடுங்கள்.

என்னைத் தாக்கியது வேறோர் இடம். அரை நிமிடம் மட்டும் அவள் தன் சித்தப்பா மகளாக வந்தாள், சிவப்பாகப் பிறந்த தங்கை. அக்காவைப் பார்க்க வந்தவர்கள் எதிரில், வாசல் நிலையில் சாய்ந்து, தலைமுடியை ஒதுக்கி, லேசாகச் சிரித்தாள். வசனம் கிடையாது. அதோடு அடுத்த வேடத்துக்குப் போய்விட்டாள். அதற்கு மேல் நாடகத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. எல்லாரும் கைதட்டியபோது நானும் தட்டினேன்.

எங்கள் வீட்டில் அக்கா அப்பா நிறம், நான் அம்மா நிறம். "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கறா" என்று அக்காவைச் சொல்லாத சொந்தக்காரர் ராசிபுரத்தில் இல்லை. அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் நான் யாரிடமும் சண்டைக்குப் போனதில்லை.

அக்காவைப் பெண் பார்க்க வரும் நாளில் என்னை வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள். சின்னவள் கண்ணில் பட்டால் பெரியவள் எடுபடமாட்டாள் என்று பயம். நான் கல்லூரியில் முதலாண்டு படித்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை. "சாமி, நீ பெரியம்மா ஊட்டுல போயி இருந்துக்க. அவிய போனதும் கூப்புடறேன்" என்றாள் அம்மா. போனேன். அரை மணி நேரத்தில், சார்ஜரை மறந்துவிட்டேன் என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். பின்பக்கக் கதவு திறந்துதான் இருந்தது. நான் முன்வாசல் வழியாக நுழைந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். காபி டம்ளரைக் கீழே வைத்தார். "ஏனுங்க, சின்னப் புள்ளையக் குடுக்கறதா இருந்தாச் சொல்லுங்க. படிப்பு முடியற வரைக்கும் பொறுத்துக்கறோம்" என்றார். அக்கா கையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

அவர்கள் போனதும் அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். "உடும்மா, சார்ஜருக்குத்தான வந்தா" என்று தடுத்தது அக்காதான். அதன்பிறகு எந்த ஜாதகம் வந்தாலும் "இப்ப வேண்டாம்" என்றுவிடுவாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

நாடகத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும், மார்க் உண்டு என்றார் பேராசிரியை. "நிறவெறியை வன்மையாகக் கண்டிக்கிறேன்" என்று நாலு தடவை ஆரம்பித்து நாலு தடவையும் அழித்தேன். பிறகு போனில் வேறொன்றைத் தட்டச்சு செய்தேன். சார்ஜர் அன்றைக்கு என் பையில்தான் இருந்தது. பெரியம்மா வீட்டில் பச்சைச் சுடிதாருக்கு மாறி, பவுடர் பூசிக்கொண்டுதான் கிளம்பினேன். என்னை யாராவது பார்க்க வேண்டும் என்றிருந்தது. அக்காவுக்கு வந்த சம்பந்தத்தைக் கெடுக்க நினைக்கவில்லை. அக்காவை நினைக்கவே இல்லை. அப்படியே எழுதினேன்.

அக்கா கோழித்தீவனக் கம்பெனியில் மக்காச்சோளத்தின் ஈரப்பதம் பார்க்கும் வேலையில் இருக்கிறாள். என் அசைன்மென்ட் எல்லாவற்றுக்கும் அவள் ஆபீசில்தான் பிரின்ட். இதை வெளியே எடுத்திருக்கலாம். கல்லூரி வாசலிலேயே மூன்று ஜெராக்ஸ் கடை இருக்கிறது. நான் அக்காவுக்குத்தான் அனுப்பினேன். இந்த முறை சார்ஜர் கதை எதுவும் சொல்லிக்கொள்ள முடியாது.

நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. அக்கா இனி என்னோடு பேசுவாளா என்பது ஒன்றுதான் நாள் முழுக்க மண்டைக்குள் ஓடியது. ஆனால் பயமோ அழுகையோ வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உடம்பே மரத்துக் கிடந்தது.

சாயங்காலம் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். புருவத்தில் சோளத்தூசி. பிரின்ட்டைப் போட்டுவைத்திருந்த பாலிதீன் கவரை என்னிடம் நீட்டினாள்.

"ஒரு எடத்துல தப்பா இருந்துச்சு. மாத்திட்டேன்."

"என்னதுக்கா?"

"பச்சை இல்ல புள்ள, மஞ்சள். தீபாவளிக்கு எனக்கு எடுத்தது. நான் ஒருக்காகூடப் போடாம வெச்சிருந்தது."

பக்கத்தைப் பார்த்தேன். மஞ்சள் என்றுதான் இருந்தது. வேறு எந்த வரியிலும் அவள் கை வைக்கவில்லை.

"உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"என் துணி எனக்குத் தெரியாதா?"

"திட்டுக்கா" என்றேன்.

"திட்டி என்ன ஆவப்போவுது? பேக்குல வெய்யி, இல்லாட்டி மடங்கிரும்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள்.

அன்றைக்கு நான் போட்டது அக்காவின் சுடிதார் என்பது சத்தியமாக எனக்கு மறந்துபோயிருந்தது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டதாக நினைத்து எழுதிய இரண்டு பக்கத்தில் அது இல்லை. அந்தச் சுடிதார் இன்னும் பீரோவில் மடித்தபடியே இருக்கிறது. இறுக்கமாக இருப்பதால் போடுவதில்லை என்று அக்கா அம்மாவிடம் சொல்லியிருந்தாள். இரண்டு வருடமாக நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.