கறிக்கடைக்காரரின் நாக்கு

செல்லூரில் தறிச்சத்தம் ஓயாத ஒரு சந்து முனையில் மொக்கையனின் ஆட்டுக்கறிக் கடை இருக்கிறது. பலகையில்தான் கறிக்கடை. நடப்பில் அது பாதி ஆஸ்பத்திரி. முகம் வெளிறி யார் வந்து நின்றாலும் மொக்கையன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, புறங்கையால் அவர்கள் கண்ணிமையைத் தாழ்த்திப் பார்ப்பார். பிள்ளை பெற்றவளுக்கு சுவரொட்டி, அதாவது ஆட்டின் மண்ணீரல். வயசுக்கு வந்த பிள்ளைக்கு ஈரல். வாயெல்லாம் புண் என்று வருகிறவருக்கும் ஈரல்தான். அவர் சொன்னதைத் தின்று தேறியவர்கள் அந்தச் சந்தில் வீட்டுக்கு ஒருவராவது உண்டு.

அவர் வீட்டில் மட்டும் நாலு வருசமாக அடுப்பில் கறி ஏறவில்லை. இது அவர் மனைவி செல்லத்தாயைத் தவிர யாருக்கும் தெரியாது. கறிக்கடைக்காரன் கறி தின்பதில்லை என்று தெரிந்தால் வாங்குகிறவன் சந்தேகப்படுவானா மாட்டானா?

நாலு வருசம் முன்பு ஒரே மகள் ரோகிணி தானே ஒருவனைப் பார்த்துக் கட்டிக்கொண்டு திருச்சிக்குப் போனாள். மொக்கையன் தெருவில் நின்று, இனி என் வாசப்படியை அவள் மிதிக்கக் கூடாது என்று நாலு தறி நின்று கேட்கிற சத்தத்தில் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை யாருக்கும் சொல்லாமல் வாடிப்பட்டிப் பக்கம் தன் குலசாமி கருப்பனிடம் போய், மகள் வீடு வந்து சேரும் வரை கவுச்சி தொட மாட்டேன், பாலும் தொட மாட்டேன் என்று வேண்டிக்கொண்டார். கவுச்சி, அவருக்கு உயிர் என்பதால். பால், காலைக் காப்பியை ரோகிணிதான் கலந்து தருவாள் என்பதால். தயிரும் மோரும் அவருக்குச் சின்ன வயசிலிருந்தே ஆகாது. கருப்பன் பாவம். வரக் கூடாது என்பதும் இவர் உத்தரவு, வர வேண்டும் என்பதும் இவர் மனு.

முதல் வருசம் நாக்கு அவரைப் பாடாய்ப் படுத்தியது. அப்புறம் பழகிவிட்டது. மூன்றாம் வருசக் கடைசியில் நாக்கு வேறு வேலையைத் தொடங்கியது. தோலுரித்த மாதிரி சிவந்து வழவழவென்றானது. கடைவாய் இரண்டு பக்கமும் வெடித்தது. ரசம் பட்டால் தீயாய் எரிந்தது, லட்டும் ஊறுகாயும் ஒன்றாகத் தெரிந்தன. பார்த்தவரெல்லாம் உடம்புச் சூடு என்றார்கள். மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் உச்சந்தலையில் விளக்கெண்ணெயும் நடந்தன. உள்ளுக்குள் மொக்கையனுக்கு இது சௌகரியமாகவே இருந்தது. செத்த நாக்குக்கு விரதம் பாரமில்லை.

கால்தான் காட்டிக்கொடுத்தது. நடக்கும்போது செருப்பு கழன்று விழுவது தெரியாமல் ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார். மூன்றாம் தடவை சாக்கடை ஓரம் செருப்பைத் தேடி எடுத்து வந்த செல்லத்தாய், அதே கையோடு அவரை இழுத்துக்கொண்டு போனாள். வாய்ப்புண்தானே என்று பல் டாக்டரிடம்.

டாக்டர் பவதாரிணி நாக்கைப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், மறுநாள் தாளைப் படித்தார்.

“பி12னு ஒரு வைட்டமின், உங்க ரத்தத்துல அடியோட வத்திக் கெடக்கு. கறி, முட்டை, பால் எதுவுமே சேக்குறதில்லையா? சைவமாங்கய்யா?”

மொக்கையன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். எந்த சோப்புக்கும் போகாத கொழுப்பு வாசம் அதில் இருந்தது.

“கறிக்கடை வச்சிருக்காருங்க,” என்றாள் செல்லத்தாய்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு விளக்கினார். இந்தச் சத்து கீரை காய்களில் கிடையாது. உடம்பு இதை ஈரலில்தான் சேர்த்து வைக்கும், இத்தனை நாள் அந்தச் சேமிப்பைத் தின்றே ஓட்டியிருக்கிறார். அது தீர்ந்ததும் நாக்கின் தோல் புதுசாக வளரவில்லை, ரத்தம் ஊறவில்லை, கால் நரம்பு மரத்துப்போனது. இப்படியே விட்டால் நடை திரும்பாமலே போகலாம். ஊசி போட வேண்டும்.

ஊருக்கெல்லாம் ஈரல் நிறுத்துக் கொடுத்தவர் நாலு வருசமாகத் தன் ஈரலைத் தின்றிருக்கிறார். மொக்கையனுக்கு ஒரே ஒரு சந்தேகம்.

“இந்த ஊசி மருந்து ஆட்டுல இருந்து எடுக்குறதாம்மா?”

“இல்லங்கய்யா. கண்ணுக்குத் தெரியாத கிருமியை வளத்து, அதுல இருந்து எடுக்குறது.”

கிருமியைப் பற்றிக் கருப்பனிடம் ஒன்றும் பேசியிருக்கவில்லை. சட்டைக் கையை மடக்கிவிட்டார்.

மாசம் ஆக ஆகக் காலில் தரை தட்டுப்பட்டது. நாக்கு அதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்துவிட்டது. வினை அங்கேதான். முதலில் ரசத்தில் மிளகு தெரிந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டில் ஈரல் வதக்கும் வாசம் சுவரேறி வந்தது. கூடவே நினைப்பில் ரோகிணியும் வந்துவிட்டாள். சட்டியிலிருந்து முதல் துண்டை உள்ளங்கையில் எடுத்து, ஊதி ஊதி, அவர் வாயில் போட்டு, “உப்பு பாருப்பா” என்பாள். பார்க்காமலே சரி என்பார், அவள் ஏமாற மாட்டாள், இன்னொரு துண்டு வரும்.

நாலு வருசமாக யாரும் அவரை உப்பு பார்க்கச் சொல்லவில்லை. ஊசியைத் தொடர்ந்து போட்டுக்கொண்டால் மகள் வராமலே இந்த விரதத்தைச் சாகும் வரை இழுக்கலாம் என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. பயந்துபோனார்.

கடைக்குப் பின்னால் போய் நின்று ரோகிணிக்குப் போன் போட்டார்.

“சொல்லுங்க,” என்றாள். வா, போ என்று பேசிய பிள்ளை.

“ஈரல் எடுத்து வச்சிருக்கேன்.”



“வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு சொன்னீங்கள்ல?”

“சொன்ன வாயி ஒரு வருசமா வெந்து கெடந்துச்சு. இன்னும் என்ன செய்யணுங்குற?”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

“அடுத்த ஞாயித்துக்கிழமை வாரேன். ஈரலை அம்மாட்ட குடுத்துராதீக. ரப்பராக்கிரும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை கடையில் நல்ல கூட்டம். முதல் ஆட்டின் ஈரலைத் தேக்கிலையில் பொதிந்து தராசுக்குப் பின்னால் வைத்திருந்தார். ஈரல் கேட்ட இரண்டு பேருக்கு இல்லை என்றார். தேக்கிலையைச் சுட்டிக்காட்டிய மூன்றாவது ஆளுக்கு, உனக்கு ரத்தம் நிறையவே இருக்கு, போ என்றார்.

பத்து மணிக்குப் போன் வந்தது.

“மாட்டுத்தாவணி பஸ்டாண்டுல எறங்கிட்டேன்ப்பா. கடையிலயா இருக்க?”

மொக்கையன் கத்தியைக் கழுவினார், பொட்டலத்தை எடுத்தார், வரிசை நிற்க நிற்க ஷட்டரை இழுத்துவிட்டார். கால்கிலோ போட்டுட்டுப் போண்ணே என்று பின்னால் யாரோ கெஞ்சினார்கள். தறிக்கூடம் தாண்டும்போது இடது செருப்பு கழன்றது. வெயிலில் காய்ந்த தார் உள்ளங்காலைச் சுட்டது, சுடுவது நன்றாகத் தெரிந்தது. திரும்பி எடுக்காமல் வீட்டைப் பார்த்து நடந்தார்.