கேட்டில் தின்ற பச்சை ஆப்பிள்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்ட வருஷம்தான் நான் கல்யாணமாகி மலாயாவில் லூபோக் சீனாப் பக்கம் வந்தேன். அடுத்த வருஷம் முழுகாமல் இருந்தேன். மசக்கை மூன்று மாதத்தில் அடங்கிவிடும் என்றார்கள். எனக்கு அடங்கவில்லை. சோறு கொதிக்கும் வாடையே ஆகாது. காலையில் காப்பியை வாயில் வைத்தால் போன வழியே திரும்பி வரும். பால்மரம் வெட்டப் போய், பட்டையைச் சீவி ரெண்டு நிரை மரம் முடிப்பதற்குள் கண் இருட்டும்.

அது அவசரகாலம். காட்டுக்குள் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக்கூடாது என்று வேலிக்கு வெளியே ஒரு வாய் உணவுகூட எடுத்துப்போக விடமாட்டார்கள். விடியும்போதுதான் ஊரடங்கு விலகும். அதுவரை லயத்துக் குழாயடிக்குக்கூடப் போக முடியாது. விலகினதும் தண்ணீர் பிடித்து, பிள்ளை உள்ளவர்கள் பிள்ளைகளை எழுப்பிவிட்டு, ஓட்டமாக ஓடி வேலிக் கேட்டில் வரிசை நிற்க வேண்டும். பெண்களில் பாதிப் பேர் வெறும் வயிற்றோடுதான் வருவார்கள். மத்தியானம் திரும்பும்வரை வெறும் தண்ணீர்.

என் வீட்டுக்காரர் ரப்பர் ஷீட் போடும் ஸ்டோரில் வேலை. வாய் அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். நான் துரும்பாய் இளைப்பதைப் பார்க்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மலாக்கா போனார். சாயங்காலம் காகிதப் பையைக் கட்டில்மேல் கவிழ்த்தார். ஆப்பிள். ஆனால் பச்சை.

எங்களுக்குத் தெரிந்த ஆப்பிள் சிவப்பு. யாராவது ஆஸ்பத்திரியில் கிடந்தால்தான் வாங்குவோம். கடித்தால் மாவுமாவாக இருக்கும்.

"இது காயாச்சே. உங்க தலையில கட்டிட்டாங்களா?" என்றேன்.

"இல்லம்மா. முஸ்லிம் நானாவோட பழக்கடையில புதுசா வந்திருக்காம். ஆஸ்திரேலியா சரக்கு. பச்சையாத்தான் இருக்கும், ஆனா பழம்தான், புளிக்கும், மசக்கைக்காரிக்குக் கொடுங்கன்னு நானா சொன்னாரு."

சொன்னாரே தவிர, அவருக்கே நம்பிக்கை இல்லை. எதற்கும் பழுக்கட்டும் என்று அரிசித் தகரத்தில் புதைத்து வைத்தார். ரெண்டு நாள் தோண்டித் தோண்டிப் பார்த்தோம். துளிகூடச் சிவக்கவில்லை. மூன்றாம் நாள் விடிகாலை, அவர் குழாயடிக்குப் போயிருந்தபோது, ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். நிரையில் கண் இருட்டினால் கடிக்கலாம் என்று. சட்டம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எடுத்துப்போனேன்.

கேட்டில் பெண்களைச் சோதிக்க ஓர் அக்காவைப் போட்டிருந்தார்கள். அவளும் எங்கள் லயத்துக்காரிதான். இடுப்பைத் தடவியவள் கை நின்றது.

"என்னாடி இது?"

"ஆப்பிள்க்கா."

அவள் சும்மா விட்டிருப்பாள். பக்கத்தில் நின்ற மலாய்ப் போலீஸ் சார்ஜன் பார்த்துவிட்டார். "தா போலே! புவாங்!" என்றார். கூடாது, தூக்கிப் போடு என்று. கேட் ஓரத்தில் ஒரு தகரம் இருந்தது. அன்றைக்குப் பிடிபட்ட ரொட்டித் துண்டும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் அதில் கிடந்தன. ஈ மொய்த்தது.

அந்தத் தகரத்தைப் பார்த்தேன். அதில் போட என் கை போகவில்லை.

"வெளியதான கொண்டுபோகக் கூடாது? நான் உள்ளதான நிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு, அங்கேயே, அவர் முகத்துக்கு நேராகக் கடித்தேன்.

படக்கென்று சத்தம் கேட்டது. தோல் அவ்வளவு இறுக்கம். முதலில் புளிப்பு. புளியங்காய்ப் புளிப்பு இல்லை, மாங்காய்ப் புளிப்பும் இல்லை. அதெல்லாம் பல்லைக் கூசவைக்கும். இது காதுக்குக் கீழே தாடையில் போய்ச் சுருக்கென்று பிடித்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. சாறு வாய் நிறைந்தபிறகுதான் இனிப்பு மெல்ல எட்டிப் பார்த்தது, அதுவும் கொஞ்சமாக. மழை பெய்து ஓய்ந்த காலையில் இலை வாசம் வருமே, அப்படி ஒரு பச்சை வாசம். மாவு இல்லை, மருந்து நாற்றம் இல்லை. நோயாளிக்கான பழமே இல்லை இது. இரண்டாவது கடி கடித்தேன். வயிறு புரளும் என்று காத்திருந்தேன். புரளவில்லை.

எங்களை வேலை வாங்கும் மண்டோர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். "ஏய், வரிசை நிக்குதுல்ல? துப்பிட்டு நட!"

"முழுங்கிட்டேன் மண்டோரே. வயித்தையும் சோதிப்பீங்களா?"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "இன்னிக்கு உனக்குப் பேர் இல்ல, கூலியும் இல்ல. வீட்டுக்குப் போ."

"வேலைக்கு வந்து நிக்கிறேன். பேர் போடலைன்னா தொரைகிட்டக் கேப்பேன்," என்றேன். நடுப்பகுதியை மட்டும் விட்டுவிட்டு மிச்சம் எல்லாவற்றையும் தின்றேன். விதையோடு அதைத் தகரத்தில் போட்டேன். அக்கா என்னை மறுபடி தடவிப் பார்த்துவிட்டு, "ஒன்னுமில்ல, போகட்டும்," என்று உரக்கச் சொன்னாள். சார்ஜன் கேட்டைக் காட்டினார். அன்று கண் இருட்டவில்லை.

மறுநாளும் கேட்டில் நின்று தின்றேன். எனக்குப் பின்னால் நின்றவள் மடியிலிருந்து ரொட்டியை எடுத்தாள். அதற்கு அடுத்த நாள் ஏழெட்டுப் பேர். மண்டோர் கத்தக் கத்த மென்றோம். வேலை தாமதமாகிறது என்று அவர் துரையிடம் போய்ச் சொல்ல, துரையே, குண்டு துளைக்காமல் இரும்புத் தகடு அடித்த காரில் வந்து இறங்கினார். யார் ஆரம்பித்தது என்று கேட்டார். நான் முன்னால் போனேன். என் வீட்டுக்காரர் ஸ்டோர் வாசலிலிருந்து வெளிறிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொண்டுபோகக் கூடாதுன்னீங்க, கொண்டுபோகல. கொழா தண்ணி புடிச்சதும் ஓடி வரோம். எப்பதான் சாப்பிடறது?" என்றேன். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அதை இங்கிலீஷில் சொன்னார். எவ்வளவு சொன்னார், எவ்வளவு விழுங்கினார் என்று எனக்குத் தெரியாது. துரை என் வயிற்றைப் பார்த்தார், கையிலிருந்த ஆப்பிளைப் பார்த்தார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. காரில் ஏறிப் போய்விட்டார்.

நாங்கள் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டோம். வேலியைப் பிரிக்கும்வரை அந்தக் கேட்டில் பெண்கள் நின்று சாப்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனார்கள். கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கான்ஸ்டபிள்கள் காத்திருந்தார்கள்.

மண்டோர் மட்டும் விடவில்லை. அடுத்த வாரமே என்னை மேட்டு நிரைக்கு மாற்றினார். வயிற்றுப்பிள்ளைக்காரி ஏறமாட்டாள், வந்து கெஞ்சுவாள் என்று நினைத்திருக்க வேண்டும். நான் வாளியை எடுத்துக்கொண்டு ஏறினேன். ஏழாம் மாதம் வரைக்கும் தினமும் ஏறினேன். பெண் குழந்தை பிறந்தது, நல்ல கனத்தோடு.