வெடி போடாத மூலை

ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிழக்கே ஒரு கண்மாயில் பால்ச்சாமி பதினோரு வருடம் மீன் காவல் பார்த்தார். கரைமேல் தகரக் கொட்டகை. அவருக்கும் மனைவி யோகேஸ்வரிக்கும் அதுதான் வீடு. மணிக்கொரு வெடி போட்டுப் பறவைகளை விரட்ட வேண்டும் என்பது குத்தகைக்காரர் நவநீதகிருஷ்ணனின் உத்தரவு. சிவகாசியிலிருந்து பெட்டி பெட்டியாக வெடி வந்து இறங்கும்.

கொக்குக்கும் நீர்க்காகத்துக்கும் பால்ச்சாமி தவறாமல் வெடி போட்டார். வடக்கு மூலையில் மட்டும் போடவில்லை. கார்த்திகையில் அங்கே கிளுவைகள் இறங்கும்; இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற காட்டுவாத்துகள். செத்துக் கிடந்த ஒன்றின் வயிற்றை ஒருநாள் கீறிப் பார்த்திருக்கிறார். கோரை விதையும் பாசியும்தான் இருந்தன. மீன் தின்னாததை எதற்கு விரட்ட வேண்டும் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். முதலாளியிடம் சொல்லவில்லை. சொன்னால் கேட்கிற ஆளும் இல்லை.

பறவைகளைப் படம் எடுக்கப் போகிற என்னைக் கரையில் உட்கார விட்டவர் அவர்தான். பேசச் சொல்லி வற்புறுத்த மாட்டார். போன தை மாதம் அவரே கூப்பிட்டுக் காட்டினார்.

"அந்தா, அது ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருக்கு பாருங்க தம்பி. மத்ததுக்கு வெள்ளைக்கோடு படுத்திருக்கு, இதுக்கு நிக்குது."

படம் எடுத்தேன். நெஞ்சோரம் நிமிர்ந்து நின்ற அந்தக் கோடு வட அமெரிக்கக் கிளுவைக்கு உரியதாம். வழிதவறி வந்திருக்கிறது. நாளிதழில் பெரிதாகப் போட்டார்கள். அடியில் நான் எழுதிக் கொடுத்த வரியும் வந்தது: 'காட்டித் தந்த கண்மாய்க் காவலர் பால்ச்சாமிக்கு நன்றி.'

நவநீதகிருஷ்ணன் அந்தப் படத்தில் அமெரிக்க வாத்தைப் பார்க்கவில்லை. அதைச் சுற்றிப் பயமில்லாமல் தூங்கிய நானூறு வாத்துகளைப் பார்த்தார். நேரே கொட்டகைக்கு வந்தார். கட்டிலுக்கடியில் பிரிக்காத வெடிப்பெட்டிகள் ஒன்பது இருந்தன.

"ஏலே, என் மீனைத் தின்ன விட்டுட்டு பேப்பர்ல பேரு வாங்குதியோ?"

வயிற்றைக் கீறிப் பார்த்ததைப் பால்ச்சாமி அப்போதுதான் முதன்முதலாகச் சொன்னார். அந்த நேரத்தில் அது சாக்காகத்தான் கேட்டது. பொழுது சாய்வதற்குள் கொட்டகை காலி.

புதுக் காவலாளி ஒன்பது பெட்டியையும் வடக்கு மூலையிலேயே தீர்த்தான். மதுரையிலிருந்து கேமராவோடு வந்தவர்கள் தண்ணீரில் மிதந்த வெடிக்காகிதத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பால்ச்சாமி இப்போது ராஜபாளையத்தில் ஒரு மில்லில் கேட் திறக்கிறார். யோகேஸ்வரி மகள் வீட்டில் இருக்கிறாள். கேட் அறையில் ஒருவர்தான் படுக்கலாம். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். டீ வாங்கிக் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

"படத்துல நான் இல்லையே தம்பி. பேரை மட்டும் எதுக்குப் போட்டிய?"

லாரி ஹாரன் அடித்தது. எழுந்து போய்க் கேட்டைத் திறந்தார்.