ஏகாம்பரம் அண்ணனும் கார் ரேஸ் ஸ்டியரிங்கும்

1. மேசை உடைந்த நாள்

ஸ்டியரிங்கை மாட்டிய முதல் நாளே மேசை உடைந்துவிட்டது. விளையாடிய பையன் வளைவில் காரைச் சுவரில் மோதினான். ஸ்டியரிங்குக்குள் இருந்த மோட்டார் அவன் கையை உதறியது. கிளாம்ப் பிடித்திருந்த பலகை விளிம்போடு பெயர்ந்து அவன் மடியில் விழுந்தது. நான் மானிட்டரைப் பிடிக்க ஓடினேன். அவன் சிரித்துக்கொண்டே, "அக்கா, நெஜ வண்டி மாதிரியே கீதுக்கா" என்றான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்கள். கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் நான் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தேன். எங்களுடையது பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்யும் குடும்பம். ஹார்டுவேர் கோர்ஸ் முடித்து, சென்னையில் ஒரு சர்வீஸ் கடையில் வேலை பார்த்துவிட்டு, சொந்தமாகக் கடை போடப்போகிறேன் என்று வாப்பாவிடம் சொன்னேன்.  அவர், கதவு கண்ணாடியாக இருக்க வேண்டும் என்று மட்டும் நிபந்தனை போட்டார்.

மெயில் பார்க்கவும் பயோடேட்டா அடிக்கவும் வருகிறவர்களை வைத்துக் கடை ஓடியது, ஆனால் தள்ளாடித்தான் ஓடியது. ஷிப்ட் முடிந்து வரும் ஐடிஐ பையன்களை இழுப்பதற்காக, எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்டியரிங் செட் வாங்கினேன். கிளட்ச் கிடையாது. பிரேக், ஆக்ஸிலேட்டர் இரண்டு பெடல் மட்டும். கூடவே ஒரு கார் ரேஸ் கேம். உடைந்த மேசைக்குப் பதிலாக, லேத் பட்டறையில் ஆங்கிள் வெட்டி வெல்டு செய்த இரும்பு ஸ்டாண்டு வந்தது. அதன் பிறகு எதுவும் உடையவில்லை.

2. எது நிஜம், எது நிஜமில்லை

அதற்கு முன் பையன்கள் ஆடிய ரேஸ் கேம்களில் பிரேக்கே தேவைப்படாது. சுவரில் உரசிக்கொண்டே ஜெயிக்கலாம். இந்த கேம் அதற்கு விடவில்லை. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும். பாதி வளைவில் பிரேக்கை மிதித்தால் வண்டி சுற்றிக்கொண்டு புல்லில் போய் நிற்கும். டயர் சூடானால் பிடிப்பு மாறும். மழை டிராக்கில் ஸ்டியரிங் சட்டென்று லேசாகிவிடும். அப்போது உள்ளங்கை வியர்க்கும். விளையாட்டு என்று தெரிந்தும் வியர்க்கும். பையன்களைக் கட்டிப்போட்டது அதுதான்.

குறைகளும் இருந்தன. மற்ற கார்கள் கயிற்றில் கோத்த மாதிரி ஒரே தடத்தில் போகும். நாம் குறுக்கே நின்றாலும் இடித்துக்கொண்டு போகுமே தவிர விலகாது. எவ்வளவு வேகமாக மோதினாலும் ஒரு டொக் சத்தம்தான், தகடு நசுங்காது. இன்ஜின் சத்தம் மிக்ஸி ஓடுகிற மாதிரி இருக்கும். எல்லாவற்றையும்விடப் பையன்களுக்குக் கோபம், பக்கத்தில் வரும் வண்டி தெரியாததுதான். முன் கண்ணாடி வழியாகத் தெரிவது மட்டும்தான் திரையில் இருக்கும். பக்கவாட்டில் ஒரு கார் ஒட்டி வந்தால் அது இடிக்கும்வரை தெரியாது. குழாய் வழியாகப் பார்த்து ஓட்டுவது போல இருக்கிறது என்று புலம்புவார்கள். ஸ்டியரிங்கில் இருந்த இரண்டு பட்டன்களை இடது, வலது பார்க்கிற மாதிரி நான் செட் செய்து கொடுத்தேன். அதற்கப்புறம் கொஞ்சம் அடங்கினார்கள்.

அந்த பட்டன்களைத் தொடாதவர் ஒருவர் மட்டும்தான்.

3. ஏகாம்பரம் அண்ணன்

ஏகாம்பரம் அண்ணன் கம்பெனி பஸ் டிரைவர். காரில் போடும் வயர் செட் கட்டுகிற கம்பெனிக்குக் காலை ஷிப்ட் பெண்களை இறக்கிவிட்டு, அவர்களைத் திரும்ப ஏற்றும்வரை எங்கள் கடைக்கு எதிரே புளியமர நிழலில் பஸ்ஸை நிறுத்திவைப்பார். நாற்பதைத் தொடாத வயது. அவர் மனைவி சரளாவும் அதே கம்பெனி, அதே பஸ். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் முதல் சீட்டு அவளுடையது.

முதலில் ஃபேன் காற்றுக்காகத்தான் உள்ளே வந்தார். பையன்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நாள் கூட்டம் இல்லாத நேரத்தில், தானும் உட்காரலாமா என்று கூச்சத்தோடு கேட்டார். உட்கார்ந்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். பெடல் எட்டுவது கஷ்டமாக இருந்தது. இருந்தும் அப்படியே கையை நீட்டிப் பிடித்து ஓட்டினார். பையன்கள் எல்லாம் திரையில் மூக்கு இடிக்கிற மாதிரி முன்னால் வந்து உட்காருவார்கள். இவர் மட்டும் தள்ளி உட்காருகிறாரே என்று பார்த்தேன். பஸ் ஓட்டிய பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

நிதானமாக ஓட்டினார். இரண்டு வாரத்தில் பையன்களால் அவரைத் தாண்ட முடியவில்லை. நன்றாக இருக்கிறதா என்று கேட்டதற்கு, உட்கார்ந்த இடம் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறது என்றார். வண்டி வழுக்கப்போவதை முதலில் சீட்டுதான் சொல்லுமாம். அதற்கப்புறம்தான் கைக்குத் தெரியுமாம். "ஆனா ரோடு நல்லா தெரியுதும்மா. பளிச்சுனு தெரியுது" என்றார்.

ரோடு தெரிவதை யாராவது பாராட்டுவார்களா என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

4. பெரிய மானிட்டர்

வியாபாரம் கொஞ்சம் நிமிர்ந்ததும், சென்னையில் மூடிய ஒரு டிசைன் ஆபீஸிலிருந்து பெரிய மானிட்டர் ஒன்று வாங்கிவந்தேன். இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டிய பழைய பிக்சர் டியூப் வகை. கேம் அதில் சினிமா மாதிரி இருந்தது. பையன்கள் விசிலடித்தார்கள்.

ஏகாம்பரம் அண்ணன் அன்றே தோற்றார். அடுத்த நாளும் தோற்றார். கண்ணுக்கு எதிரே, திரையின் ஓரத்தில் தெளிவாக இருக்கும் காரின்மேல் போய் ஏற்றினார். முன்பு அவர் நிதானமாக எடுத்த வளைவுகளில் தடுப்பில் உரசினார். நாற்காலியை இன்னும் தள்ளினார். பெடலுக்குக் கால் எட்டவில்லை.

பழைய மானிட்டரையே போட முடியுமா என்று கேட்டார். என் வேலைப் புத்தி உடனே கேபிளுக்குத்தான் போனது. ரெசல்யூஷனை மாற்றினேன். ரெஃப்ரெஷ் ரேட்டை ஏற்றினேன். படம் ஓரத்தில் வளைகிறதோ என்று அளந்து சரிசெய்தேன். ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இல்லம்மா, பழசுதான்" என்றார்.

கடையில் வேறு யாரும் இல்லை. பெரிய மானிட்டரில் அவருக்கு என்னதான் பிரச்சினை என்று கேட்டேன்.

"முழுசா தெர்லம்மா."

"எது தெரியல அண்ணா?"

"ஓரம் தெர்ல. சின்னதுல தள்ளி உக்காந்தா எல்லாம் கண்ணுக்குள்ள வந்துடும். இதுல வர மாட்டேங்குது." கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். "பசங்க கொழா வழியா பாக்கறா மாதிரி கீதுன்னு சொல்றானுங்க இல்ல? எனக்கு வெளியிலயும் அப்டித்தாம்மா கீது."

மெதுவாக, விட்டுவிட்டுச் சொன்னார். முதலில் இருட்டு நேரத்தில் பார்வை மங்கியது. வயிற்று வலி என்று சொல்லி மாலை ஷிப்டை வேறு டிரைவரிடம் மாற்றிக்கொண்டார். பிறகு பகலிலும் ஓரங்கள் போக ஆரம்பித்தன. யாருக்கும் தெரியாமல் சென்னையில் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். இது பரம்பரையாக வருவது, மருந்து இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகிக்கொண்டே போகும், வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் சொல்லவில்லை. தலையைத் திருப்பித் திருப்பிக் கண்ணாடி பார்த்துச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

கவரைப்பேட்டை திருப்பத்தில் ஒரு டிவிஎஸ் மொபெட்காரர் இடப்பக்கமாக வந்ததையும் சொன்னார். "சரளா கத்துனா. பிரேக் போட்டேன். அந்த ஆளுக்கு ஒண்ணும் ஆவல. தூங்கிப்போய்ட்டியான்னு கேட்டா. ஆமான்னு சொல்லிட்டேன்."

 கண்ணாடிக் கதவுக்கு வெளியே பஸ் நின்றுகொண்டிருந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் அதில் நாற்பது பெண்கள் ஏறுவார்கள். அண்ணா, நீங்கள் இனிமேல் அந்த பஸ்ஸை எடுக்கக் கூடாது, நீங்களே சரளா அக்காவிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. பப்ளிக் பூத்துக்குப் போய், மயக்கமாக இருக்கிறது, மாற்று டிரைவரை அனுப்புங்கள் என்று கான்ட்ராக்டருக்குப் போன் செய்தார். பிறகு பஸ் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு என் கடைப் படியில் உட்கார்ந்திருந்தார்.

5. ப்ரவுன் ஷீட்

மறுநாள் இருவரும் சேர்ந்து வந்தார்கள். சரளா அதற்குமுன் கடைக்குள் வந்ததில்லை. லீவு போட்டிருந்தாள். அவர் சொல்லிவிட்டார், ஆனால் அவளுக்குப் புரியவில்லை. கண் தெரிகிறது, பேப்பர் படிக்கிறார், தூரத்து போர்டு படிக்கிறார், பிறகு என்ன தெரியவில்லை என்கிறார் என்று என்னிடம் கேட்டாள். என்னாலும் வாயால் விளக்க முடியவில்லை.

புத்தகத்துக்கு அட்டை போடும் ப்ரவுன் ஷீட் கடையில் இருந்தது. பெரிய மானிட்டரின் முன்பக்கம் முழுவதும் அதை ஒட்டினேன். நடுவில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, அதைச் சுற்றிப் பெரிதாக ஒரு வட்டம் போட்டேன். அண்ணனை நாற்காலியில் உட்காரவைத்து, நடுப்புள்ளியை மட்டும் பார்க்கச் சொல்லி, வட்டத்தின் கோடு தெரிகிறதா என்று கேட்டேன்.

"தெர்ல."

உள்ளே இன்னொரு வட்டம் போட்டேன்.

"தெர்லம்மா. இன்னும் சின்னதா போடு."

சரளா என் கையிலிருந்த மார்க்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வட்டம் ஒரு சாசர் அளவுதான் இருக்கும். அப்போதுதான் கோடு தெரிகிறது என்றார். அதை வெட்டி எடுத்தேன். அவர் கண்ணைத் திருப்பினால் இந்த ஓட்டையும் கூடவே நகரும், அது ஒன்றுதான் வித்தியாசம் என்று சொல்லிவிட்டு, சரளாவை ஸ்டியரிங்கில் உட்காரச் சொன்னேன்.

அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆக்ஸிலேட்டரை மட்டும் லேசாக அழுத்தினாள். ஓட்டைக்குள் கொஞ்சம் தார் ரோடு ஓடியது. டொக் என்றது. எதில் இடித்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. திருப்பினாள். மறுபடியும் டொக். ஒரு கார் அவளைத் தாண்டி ஓட்டைக்குள் வந்தபோது உடம்பே தூக்கிப்போட்டது. காலை எடுத்துவிட்டாள். திரையில் வண்டி தானாக நின்றது. கை மட்டும் ஸ்டியரிங்கைவிட்டு வரவில்லை.

அண்ணன் சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

"அன்னிக்கு நீ தூங்கலயா?" என்று கேட்டாள்.

இல்லை என்று அவர் தலையை ஆட்டினார். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. எழுந்து அந்த ப்ரவுன் ஷீட்டைப் பிய்க்காமல், செல்லோடேப்பை நகத்தால் ஒவ்வொன்றாக எடுத்து, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மாமியாரிடம் காட்ட வேண்டும் என்றாள். மாமியாரின் அண்ணன் ஒருவர் கண் தெரியாமல் இருந்து செத்துப்போனவராம்.

6. சரிசெய்ய முடியாதது

கம்பெனிக்கும் அண்ணனுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. கான்ட்ராக்டர் ஆள். வேறு வேலை ஏதாவது கொடுக்கச் சொல்லி சரளா கேட்டுப் பார்த்தாள். "கண்ணு தெரியாதவன வெச்சிக்கினு நான் இன்னாமா பண்றது" என்று சொல்லி கான்ட்ராக்டர் அனுப்பிவிட்டார். அதே பஸ்ஸில், அதே முதல் சீட்டில், வேறு டிரைவருக்குப் பின்னால் அவள் வேலைக்குப் போய்வந்தாள்.

அண்ணன் கடைக்கு வருவதை விடவில்லை. அவருக்காக மூலையில் பழைய மானிட்டரைத் திரும்பப் போட்டேன். ஸ்டியரிங், பெடல் வயர்களை நீட்டி, பெடலைத் தனியாக ஒரு பலகையில் ஸ்க்ரூ செய்து கொடுத்தேன். மாதங்கள் போகப் போக நாற்காலியும் ஸ்டியரிங் ஸ்டாண்டும் பின்னால் போயின. கடைசியில் முதுகு சுவரில் இடித்தது. அதற்குமேல் தள்ள இடமில்லை. பட்டறைக்காரரிடம் சொல்லிச் சுவரை ஒட்டி வேறு மாதிரி ஸ்டாண்டு செய்யலாமா, இன்னும் சின்ன மானிட்டர் கிடைக்குமா என்றெல்லாம் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர்தான் வேண்டாம் என்றார்.

அதற்குப் பிறகு ஸ்டியரிங்கில் உட்காரவில்லை. பையன்கள் ஆடுவதைக் கேட்டுக்கொண்டு பெஞ்சில் இருப்பார். ஒரு நாள் பையன்கள் இந்த கேமின் புதுப் பதிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் இடித்தால் பானட் நசுங்குகிறது, கண்ணாடி உடைகிறது, பக்கவாட்டில் எல்லாம் தெரிகிறது, இனி நிஜத்துக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை என்றார்கள்.  அவர்கள் போன பிறகு அண்ணன் என்னிடம் சொன்னார்.

"காலைல ஷிப்டு எடுக்கச்சொல்ல, ஏறன கொஞ்ச நேரத்துல எல்லாம் தூங்கிடுவாங்கம்மா. நாலு மணிக்கு எழுந்து சோறு ஆக்கிட்டு வர்ற பொம்பளைங்க. கண்ணாடில பாத்தா ஒரு தல கூட நிமிந்து இருக்காது. பள்ளத்துல எறக்காம, சடன் பிரேக் போடாம, அவங்க எழுந்துக்காம கம்பெனி கேட்டாண்ட கொண்டாந்து நிறுத்தணும். அதான் ஓட்றது. இதுல இன்னா வேகம் போனாலும், பின்னாடி யாரும் தூங்கலியே."

சொல்லிவிட்டு, சரளா வரும் நேரம் ஆகிவிட்டது என்று எழுந்தார். கதவைக் கையால் தேடித் திறந்தார்.

பிறகு வீடுகளுக்கு பிராட்பேண்ட் வந்தது. பிரௌசிங் சென்டரை மூடிவிட்டு, நான் முழு நேர சர்வீஸுக்கு மாறினேன். இன்றும் அதுதான் என் தொழில். என்னிடம் வேலைக்குச் சேருகிற பிள்ளைகளுக்கு மல்டிமீட்டர் பிடிக்க, போர்டு பார்க்க, குறை எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். குறையைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வது. நான் மட்டும் அதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. ஏகாம்பரம் அண்ணனின் குறையை என் கடையில்தான் கண்டுபிடித்தேன், என் கையாலேயே வட்டம் போட்டு அளந்தேன். அதனால் அந்த நாற்பது பெண்களும் பத்திரமாகப் போய்வந்தார்கள். அவருக்கு என்னால் செய்ய முடிந்தது, நாற்காலிக்குப் பின்னால் கொஞ்சம் இடம் ஒதுக்கிக் கொடுத்தது மட்டும்தான்.