வெந்நீர் கேட்டவர்

எனக்குக் கூடாரம் கட்டத் தெரியும். கதை கட்டத் தெரியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் நானாகச் சேர்த்தது ஒரு சொல்கூட இல்லை. தேதி, மணி எல்லாம் அன்றைக்கே குறித்து வைத்தவை. ஏரியின் பெயரை மட்டும் சொல்லமாட்டேன். இன்றைக்கும் அங்கே ஆட்கள் போய்த் தங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

என் பெயர் ஜாபர் அலி. கொடைக்கானல் பஜாரில் கடை. மளிகையும் உண்டு, கூடாரம், மடக்குக் கட்டில், அரிக்கேன் விளக்கு வாடகைக்கு விடுவதும் உண்டு. காட்டில் போய்த் தங்க நினைக்கிற துரைமார் என்னிடம் சொல்லி அனுப்புவார்கள். நான் ஒரு நாள் முன்னதாகப் போய் எல்லாம் தயார் செய்து வைப்பேன்.

சாமான் சுமக்கக் கவுஞ்சிக் கிராமத்து வேலுமணியின் இரண்டு மட்டக்குதிரைகள்தான். வேலுமணி பூண்டு விவசாயி. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். என் அத்தா இறந்து, இருபது வயதில் நான் கடையில் உட்கார்ந்தபோது, மலைப்பாதை ஒவ்வொன்றையும் கூடவே நடந்து காட்டிக்கொடுத்தவர் அவர். ஒருமுறை எனக்கு மலைக்காய்ச்சல் வந்து வழியில் விழுந்தபோது, குதிரையில் ஏற்றினால் தாங்கமாட்டேன் என்று ஆறு மைல் முதுகில் சுமந்து வந்தார். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை ராவுத்தரே என்பார்.

1934, டிசம்பர் 27. வியாழக்கிழமை. கிறிஸ்துமஸ் லீவில் மதுரையிலிருந்து மூன்று துரைமார் மீன் பிடிக்க வருவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை காலை வந்துவிடுவார்கள். அது ரமலான் மாதம். நான் நோன்போடுதான் நடந்தேன்.

கவுஞ்சிப் பாதையில் பாதி வழியில் பிரிந்து, சோலைக்காட்டுக்குள் ஒன்றரை மணி நேரம் இறங்கினால் அந்த ஏரி. மலை ஏரிகளின் கரை எல்லாம் சேறும் கோரையுமாக இருக்கும். இங்கே ஒரு மூலையில் மட்டும் நல்ல வெள்ளை மணல், நாற்பது ஐம்பது அடி நீளத்துக்கு. துரைமார் அதை ‘பீச்’ என்பார்கள். நாங்களும் அப்படித்தான் சொல்வோம். வீடு வாசல் எதுவும் ஐந்து மைலுக்குக் கிடையாது.

மூன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மணலில் மூன்று கூடாரம் அடித்தோம். மேட்டில் கக்கூஸுக்குக் குழி வெட்டினோம். தண்ணீரை ஒட்டி, நாலு கம்பு நட்டுச் சாக்குப் படுதா சுற்றிக் குளிக்கிற மறைப்பு. உள்ளே ஒரு பலகைக் கல், ஒரு செம்பு, ஒரு தகர வாளி. வாளியை நான்தான் கவிழ்த்து வைத்தேன். கூடாரத்துக்குப் பக்கத்தில் கல் அடுப்பு கூட்டி, அதன்மேல் செப்புக் கொப்பரையை ஏற்றித் தண்ணீர் நிரப்பினோம். காலையில் துரைமார் வந்ததும் வெந்நீர் வேண்டும். அவ்வளவுதான் அங்கே வசதி.

ஆறு ஏழுக்குச் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது. பேரீச்சம்பழத்தைக் கடித்து நோன்பு திறந்தேன். முகம் கழுவ மறைப்புக்குள் போனேன்.

வாளி நிமிர்ந்து இருந்தது. நிறையத் தண்ணீர்.

“அண்ணே, வாளியில தண்ணி மோந்து வச்சீங்களா?”

“இல்லயே. நான் குதிரைக்குப் புல்லுல்ல அறுத்துக்கிட்டிருந்தேன். நீங்க மோந்துட்டு மறந்திருப்பீங்க. பசி மயக்கம்.”

சிரித்தார். நானும் சிரித்தேன். பசி மயக்கமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தொழுதுவிட்டு, கட்டிக்கொண்டு வந்த சோற்றை இரண்டு பேரும் தின்றோம். பனி இறங்க ஆரம்பித்தது. மூச்சு புகையாக வந்தது. அடுப்புத் தணலுக்கு எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். அவர் தன் மகள் கல்யாணப் பேச்சைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மணி எட்டு ஐந்து.

சளக்...

பேச்சு நின்றது.

சளக்... சளக்...

மறைப்புக்குள்ளிருந்து வந்தது. செம்பில் மோந்து தலையில் ஊற்றிக்கொள்கிற சத்தம். அவசரம் இல்லை. ஒரு செம்பு. கொஞ்சம் இடைவெளி. இன்னொரு செம்பு.

“காட்டெருமை தண்ணி குடிக்குது” என்றார் வேலுமணி. ஆனால் எழுந்திருக்கவில்லை.

நான் அரிக்கேனைத் தூக்கிக்கொண்டு போனேன். நான் நடக்க ஆரம்பித்ததும் சத்தம் நின்றுவிட்டது. படுதாவை விலக்கினேன். யாரும் இல்லை. பலகைக் கல் நனைந்திருந்தது. செம்பு மெல்ல உருண்டு கொண்டிருந்தது. வாளி காலி.

மணலில் எருமைக் குளம்பு இல்லை. எந்தத் தடமும் இல்லை.

திரும்பி வந்து, “ஒண்ணுமில்லண்ணே” என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அதுதான். இருட்டில் குதிரைகளை ஓட்டிக்கொண்டு அந்தச் சோலையில் ஏற முடியாது. பயந்து என்ன செய்ய?

குதிரைகளைப் பார்த்தேன். அவை மிரண்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். மிரளவில்லை. இரண்டும் ஏரியைப் பார்த்தபடி, தலையை ஆட்டாமல், வாலை ஆட்டாமல் நின்றன... எசமான் வரும்போது நிற்கிற மாதிரி.

ஒன்பது நாற்பதுக்கு இரண்டு பேரும் ஒரே கூடாரத்தில் படுத்தோம். அவர் வாசல் பக்கம். நான் உள்ளே. யாசீன் ஓதிக்கொண்டே தூங்கிப்போனேன்.

விழித்தபோது வெளிச்சம்.

விடிந்துவிட்டது, நோன்புக்கு முன் சாப்பிடுகிற சஹர் நேரம் தப்பிவிட்டது என்று பதறிக் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பதினொன்று ஐம்பது. வெளியே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தணல் இல்லை, தீ. கொப்பரையில் தண்ணீர் கொதிக்கிற சத்தம்.

வேலுமணியின் கம்பளி மட்டும் கிடந்தது.

“இந்தா... காஞ்சிருச்சுங்க.”

வெளியிலிருந்து அவர் குரல். யாருக்கோ பதில் சொல்கிற குரல்.

துரைமார் முன்னதாகவே வந்துவிட்டார்களா? காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். வேறு குரல் இல்லை. குளம்புச் சத்தம் இல்லை.

“கொண்டாறேங்க. கொஞ்சம் பொறுத்துக்கங்க. இந்தா வந்துட்டேன்.”

கூடாரத் துணியை விலக்கி வெளியே வந்தேன். அப்போதுதான் நிலா கிளம்பியிருந்தது. அரை நிலா. மணல் முழுக்க உறைபனி, உப்புக் கொட்டின மாதிரி.

வேலுமணி வாளியோடு போய்க்கொண்டிருந்தார். வாளியில் ஆவி பறந்தது. வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். குளிக்கிற மறைப்புக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

மறைப்பைத் தாண்டினார்.

“அண்ணே!”

திரும்பவில்லை.

தண்ணீரில் கால் வைத்தார். முழங்கால். தொடை. அந்தக் குளிரில் ஒரு சிலிர்ப்புக்கூட இல்லை. இடுப்பு. வாளியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார். தளும்பவிடாமல்... பத்திரமாக.

“வேலுமணியண்ணே!”

நெஞ்சு வரை போய் நின்றார். வாளியை முன்னால் நீட்டினார்.

“இந்தாங்க. புடிங்க.”

கையை எடுத்தார்.

வாளி விழவில்லை.

அவர் முன்னால், தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, வாளி நின்றது. ஆவி நேராக மேலே போனது. பிறகு வாளி மெல்லச் சாய்ந்தது.

சளக்...

நான் ஓடினேன்.

தண்ணீர் கத்தி மாதிரி வெட்டியது. அவர் இரண்டு கையையும் நீட்டி, யாரையோ தூக்கிவிடுகிற மாதிரி குனிந்தார். முகம் தண்ணீரைத் தொட்டது. பின்னாலிருந்து கழுத்தோடு சேர்த்துக் கட்டிப் பிடித்து இழுத்தேன்.

வரவில்லை.

எதிர்ப்பக்கம்... யாரோ இழுத்தார்கள்.

அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி உள்ள பலம் அத்தனையும் போட்டு இழுத்தேன். சட்டென்று விட்டது. இரண்டு பேரும் மல்லாக்க விழுந்தோம். எழுந்ததும் அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

அலறினார்.

அந்த மாதிரி ஒரு அலறலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

“விடு! என்னய விடு!”

என் கையைக் கடித்தார். தழும்பு இன்னும் இருக்கிறது. ஏரிக்குள் திரும்ப ஓடப் பார்த்தார். கரைக்கு இழுத்துப்போட்டு, கம்பளியைச் சுற்றி, அடுப்போரம் உட்கார வைத்தேன். விடியும்வரை ஏரியையே பார்த்துக்கொண்டு அழுதார். நான் கிட்டே போனால் கண்ணை மூடிக்கொள்வார். சஹருக்கு நான் எதுவும் சாப்பிடவில்லை.

ஆறரைக்கு வெளிச்சம் வந்தது. அவர் குதிரைகளை அவிழ்த்துக்கொண்டு, ஒரு சொல் சொல்லாமல் சோலைக்குள் ஏறிப் போய்விட்டார்.

வாளியைத் தேடினேன். குளிக்கிற மறைப்புக்குள் இருந்தது. கவிழ்ந்து. காய்ந்து.

துரைமார் பத்து மணிக்கு வந்தார்கள். இரண்டு ராத்திரி தங்கினார்கள். நானும் கூடவே இருந்தேன். எதுவும் நடக்கவில்லை. நல்ல இடம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வேலுமணி அதற்குப் பிறகு என் கடைக்கு வரவே இல்லை. பூண்டை வேறு கடைக்குப் போட்டார். பஜாரில் எதிரே வந்தால் சந்துக்குள் திரும்பிவிடுவார். இரண்டு முறை கவுஞ்சிக்குப் போனேன். கதவைத் திறக்கவில்லை. மகள் கல்யாணத்துக்குச் சொல்லவில்லை. கடைசியில் நானும் விட்டுவிட்டேன். உயிரைக் காப்பாற்றியவன்மேல் இவருக்கு என்ன கோபம் என்று பதினோரு வருஷம் மனதுக்குள் வைத்துப் புழுங்கினேன்.

1946 பிப்ரவரியில் அவர் காய்ச்சலில் இறந்துபோனார். எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

மார்ச் 9, சாயங்காலம் நாலு மணி இருக்கும். அவர் மனைவி முருகம்மாள் கடைக்கு முன்னால் வந்து நின்றார்.

“உள்ள வாங்கம்மா.”

“வேணாங்க. இங்கனயே நிக்கிறேன்.”

வெயிலில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. தரையில் விழுந்த என் நிழலைப் பார்த்தார். நன்றாகப் பார்த்த பிறகுதான் பேசினார்.

“சாகறதுக்கு மொத நாளு எல்லாத்தையும் சொன்னாரு. ஒங்ககிட்டச் சொல்லாம இருக்க முடியல. அன்னிக்கி ராத்திரி அந்த ஏரியில நடந்தது...”

“சொல்லுங்கம்மா.”

“தண்ணிக்குள்ள நின்னு வெந்நி கேட்டது நீங்கதான்னாரு. தூங்கிக்கிட்டிருந்தவரக் குரல் குடுத்து எழுப்புனதும் நீங்கதானாம். வெளிய வந்து பாத்தா, நெஞ்சளவு தண்ணியில நின்னு வெடவெடன்னு நடுங்குறீங்களாம். ‘கால் மாட்டிக்கிச்சு, குளுரு தாங்கல, வெந்நி கொண்டாங்கண்ணே’ன்னு கெஞ்சுனீங்களாம். வெரசா அடுப்ப மூட்டி வெந்நி கொண்டாந்து குடுத்துட்டு, ஒங்க கையப் புடிச்சுத் தூக்கப் போனாராம்.”

என் கையில் இருந்த கடித் தழும்பைப் பார்த்தேன்.

“அப்பப் பின்னாலருந்து என்னமோ ஒண்ணு வந்து அவரக் கழுத்தோட புடிச்சு இழுத்துருச்சாம். ஒங்க கை நழுவிப் போச்சாம். திரும்பிப் பாத்தா... அதுக்கும் ஒங்க மூஞ்சியாம்.”

“அம்மா, அது நான். இழுத்தது நான்.”

“அப்படித்தான் நானும் சொன்னேங்க. அவரு நம்பல. ‘ராவுத்தரத் தண்ணியில விட்டுட்டு வந்துட்டேன், கடையில உக்காந்திருக்கறது வேற’ன்னு சொல்லிச் சொல்லி அழுதாரு. வருசாவருசம் மார்கழியில அங்க போயிருவாரு. கல்லுல அடுப்பு மூட்டி, வெந்நி வச்சுக் குடுத்துட்டு வெள்ளனே வந்துருவாரு.”

“யாருக்கு?”

முருகம்மாள் முந்தானையை இறுக்கிப் போர்த்திக்கொண்டார்.

“போன மார்கழியிலயும் போனாரு. வந்ததுலருந்துதான் காய்ச்ச. இந்தத் தடவ தண்ணியில நின்னவரு வெந்நி வேணாம்னுட்டாராம். கரைக்கு ரொம்பக் கிட்ட, கணுக்கால் தண்ணியில நின்னாராம். ‘என் கடையில இப்ப யாரு உக்காந்திருக்கா?’ன்னு கேட்டாராம்.”

பஜாரில் அத்தனை சத்தம். எனக்கு எதுவுமே கேட்கவில்லை.

“அண்ணன் என்ன சொன்னார்?”

“‘நீங்க இல்ல, வேற ஒண்ணு’ன்னு உள்ளதச் சொல்லிட்டேன்னாரு.”

அதற்குமேல் அவர் நிற்கவில்லை. என் பக்கம் முதுகைத் திருப்பாமல், பின்பக்கமாகவே நாலைந்து எட்டு வைத்து நடந்தார். தெரு முனை வந்த பிறகுதான் திரும்பினார். திரும்பியதும்... ஓடினார்.