துரை பங்களாவில் பிரேசில் ஆட்டம்

பதுளைக்கு ரயில் வராத காலம். நமுனுகுல பக்கத்துத் தோட்டம் ஒன்றில், துரை காய்ச்சலிலிருந்து எழுந்ததற்காகச் சாயங்கால விருந்து. கிராமபோன் வியாபாரியான நான், பிரேசில் நாட்டு ஆட்டத்துக்கான இசைத்தட்டோடு மாட்டுவண்டியில் போய் இறங்கினேன். நம் மலையில் பட்டுப்போன காப்பி அங்கே செழிக்கிறதாம். ஆடத்தானே செய்வார்கள்.

வெள்ளைக்காரர்கள் ஜோடி சேர்ந்து சுழலும்போது கிராமபோனின் சுருள்வில் அறுந்தது. குனிந்து அதன் வயிற்றுக்குள் அறிவாளிபோலப் பார்த்தேன். வேறு வித்தை எனக்குத் தெரியாது. விருந்தாளிகளைத் தப்புப் பறை கொட்டி வரவேற்க வந்திருந்த இரண்டு தப்புக்காரர்களைக் கூப்பிட்டு, அதே தாளத்தை அடிக்கச் சொன்னார் துரை.

"இந்த ஓட்டத்துக்கு நம்மகிட்ட ஒரே அடிதாங்க இருக்கு," என்றார் மூத்த தப்புக்காரர், என் காதோரம். "எழவு அடி."

"துரைக்குத் தெரியுமா?"

"தொரைக்குத் தெரியாதுங்க. லயத்துக்குத் தெரியும்," என்று கீழே தொழிலாளர்களின் வரிசை வீடுகளைக் காட்டினார்.

நான் யோசிப்பதற்குள் துரை கைதட்டி அவசரப்படுத்தினார். அடித்தார்கள். பிரேசில்காரரே வந்திருந்தாலும் குறை சொல்லியிருக்க மாட்டார்.

பாதி ஆட்டத்தில் லயத்துச் சனம் முழுக்க மேலேறி வந்துவிட்டது. காய்ச்சல்காரர் பங்களாவில் எழவு அடி கேட்டால் என்ன நினைப்பார்கள்? பெண்கள் தலைவிரி கோலமாக வந்தார்கள். முன்னால் வந்த, தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் மடியில் வாய்க்கரிசி. வியர்க்க வியர்க்க வாசலுக்கு வந்த பிணத்தைக் கண்டதும் ஒப்பாரி அப்படியே நின்றது.

"எதுக்கு வந்தாங்க? மடியில என்ன?" என்னைக் கேட்டார் துரை. அவருக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாகவே வரும்.

உண்மை தெரிந்தால் தப்புக்காரர்கள் இருவரையும் தோட்டத்தை விட்டே விரட்டிவிடுவார். நான் மறுபடி கிராமபோனின் வயிற்றுக்குள் குனிந்தேன்.

அந்தப் பெண் ஓரடி முன்னால் வந்தார். அரிசியை அள்ளித் துரை தலையில் தூவினார்.

"காய்ச்சல் போயிருச்சில்ல. நல்லா இருங்க தொரை."

துரை சிரித்தபடி தலை குனிந்து வாங்கிக்கொண்டார். மற்றவர்களும் ஆளுக்கொரு பிடி தூவினார்கள். தப்பு மறுபடி முழங்கியது. அந்தப் பெண் கொண்டையை முடிந்துகொண்டே என்னிடம் கேட்டார்: "நெசமாவே கொணமாயிருச்சாங்க? இந்த ஆட்டம் ஆடுறாரே."

அவரை நல்ல துரை என்று யாரும் சொன்னதில்லை. ஆனாலும் ராத்திரிச் சோற்றுக்கான அரிசியில் ஒரு பிடி அவருக்கென்று எடுத்து வந்திருந்தார்களே என்று நினைக்கும்போது, இன்றும் சோற்றில் கை வைக்குமுன் எனக்கு ஒரு கணம் தயக்கம் வருகிறது.